நாற்பத்தோராவது தாள்

பெரிய டாக்டர் நாற்பத்தோராவது தாளைக் கையில் எடுத்ததும் அவள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

எதிர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இதய ஆய்வுப் பிரிவில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்றுதான் பெயர். கேட்டால் ஒரு வார்த்தை வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று இதே மருத்துவமனைக்கு வந்து, ஒன்றுமில்லை போ என்று திருப்பி அனுப்பப்பட்டு, மூன்று நாளுக்குள் செத்துப்போனவர்களின் பழைய கோப்புகளைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களை அலட்சியமாக அனுப்பினார்களா என்பதுதான் ஆய்வு.

மதிப்பிடுகிற டாக்டர் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே. அதனால் தாளில் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா என்று இருக்காது. அன்றைக்குப் பார்த்த டாக்டர் யார் என்றும் இருக்காது. வயதும் வலியும் வைத்தியமும் மட்டும். எல்லாத் தாளையும் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

அடியில் இரண்டு கட்டம். 'தடுத்திருக்கலாம்', 'தடுத்திருக்க முடியாது'. ஒன்றில் டிக் போட்டு, ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான், திருத்த முடியாது.

இரண்டாவது கட்டத்தில் போட்டுத் தொலைத்துவிடுவாரோ?

இந்த ஒரு டிக்குக்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் இந்த மனுஷனுக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். வயது முப்பத்தெட்டு. தாடை வலி, முதுகு வலி, துணி நனைகிற வியர்வை. ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டது. மறுநாள் காலை மரணம்.

முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"என்ன அநியாயம்மா இது! பாவம், பிள்ளைகுட்டிக்காரரா இருந்திருப்பாரு. மாரடைப்போட வந்து நிக்கறாரு, எந்த மடையன் தூக்க மாத்திரையக் குடுத்து அனுப்பினான்?"

தாளில் எங்குமே ஆண் என்று இல்லை. படித்த மாத்திரத்தில் அவர் மனசுக்குள் ஒரு ஆண்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார். ஆணென்றதும் வியாதியும் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

அவளுக்கு உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பில்லை அது. தவளை தன் வாயால் கெட்டாயிற்று, இனி கையாலும் கெடட்டும் என்று காத்திருந்தாள்.

முதல் கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார். 'இது கொலைக்குச் சமம்' என்று எழுதினார். கையெழுத்தும் தேதியும் போட்டு நீட்டினார்.

மை காயும்வரை அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆய்வில் இது சேராது. ஒரு டாக்டர் பார்த்த கோப்பு அவரிடமே மதிப்பீட்டுக்குப் போய்விடாமல் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. நாற்பதை ஒழுங்காகத்தான் பிரித்தாள். இந்த ஒன்றை வேண்டுமென்றே இங்கே கொண்டுவந்தாள். விஷயம் தெரிந்தால் வேலை போகும். போகட்டும்.

இருபத்திரண்டு வருஷத்துப் பழுப்பேறிய அசல் கோப்பை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கையெழுத்தை அவருக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

'பெண். இதயக் கோளாறு எதுவுமில்லை. வீட்டுக் கவலை, மிகைப்படுத்திச் சொல்கிறாள். அழைத்து வந்த மகள், வயது பதினொன்று, அம்மாவுக்கு நெஞ்சுதான் வலிக்கிறது என்று ஓயாமல் வாயாடுகிறாள். அதட்டி வெளியே நிறுத்தினேன்.'

இரண்டு தடவை படித்தார். மெல்ல நிமிர்ந்தார்.

"ஏம்மா... நீ..."

வாயாடி பதில் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.