ஊமைச் சங்கு

"சங்கு எப்போலேர்ந்து பேசல?"

"நீங்க பதவிப் பிரமாணம் எடுத்துக்கிட்டிருந்தப்போ நின்னுருக்கு, ஐயா," என்றாள் ரோஜினா.

மாலையும் கையுமாக வாழ்த்த வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக வெளியே நழுவினார்கள்.

ஜஸ்மான் ராய் விஞ்ஞான மந்திரியாகி அரை நாள்கூட ஆகவில்லை. கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றியில் அப்பிய சிவப்பு அபீர்ப் பொடி வியர்வையில் கரைந்து காதுவரை வழிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நல்ல நேரம் போவதற்குள் முதல் முடிவு என்று ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். சிங்க தர்பார் தலைமைச் செயலகத்தில் எந்த மந்திரி வந்தாலும் அதுதான் வழக்கம். புது அரசாங்கம் விஞ்ஞானத்தில் எதை முதலில் தொடப் போகிறது என்று தெரிந்துகொள்ள வெளியே நிருபர்கள் காத்துக் கிடந்தார்கள்.

செயலாளர் கண்டேல் கோப்பை விரித்தே வைத்திருந்தார். நேபாளத்துக்குச் சொந்தமாய் ஒரு செயற்கைக்கோள். கட்சி தேர்தலில் கொடுத்த வாக்கு.

அந்த நேரத்தில்தான் பனி ஏரிகளைக் கவனிக்கும் பொறியாளர் ரோஜினா உள்ளே வந்தாள். சோக்தெங் கிராமத்துக்கு மேலே மலையில் ஏரி தளும்பி நிற்கிறது. அது உடைந்தால் ஊரை எழுப்ப ஆற்றங்கரையில் ஒரு அபாயச் சங்கு உண்டு. பேட்டரியில் ஓடும் அது, நல்லபடியாக இருக்கும்வரை 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று காட்மாண்டுவுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்று திடீரென்று நின்றுவிட்டது.

சோக்தெங் மந்திரியின் சொந்த ஊர். மனைவி சுக்மாயா அங்கேதான் இருந்தாள். பதவியேற்புக்குப் புறப்பட்டவளை நிலச்சரிவு பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டது. அதே சரிவில் மின்கம்பங்களும் விழுந்ததால் ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை.

ஹெலிகாப்டர் அனுப்பச் சொன்னார். மலை முழுக்க மேகம், பறக்க முடியாது என்றார்கள். கீழ்ச் சாவடியிலிருந்து போலீஸ்காரர்கள் நடந்தே கிளம்பியிருக்கிறார்கள், போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும் என்றாள் ரோஜினா. அதற்குள் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு அது தெரியும்.

ஜஸ்மான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். கோட்டுப் போட்டவன் எது சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் கேட்பார்.

"ஓட்டை மெஷினை வாங்கி மாட்டிட்டு, இப்ப வந்து மேகம் அது இதுன்னு கதை சொல்றீங்க."

"மெஷின்ல கோளாறு இல்லீங்க ஐயா. கோளாறுன்னா இழுத்து இழுத்து நிக்கும். இது பட்டுன்னு நின்னுருக்கு. யாரோ பேட்டரியைக் கழட்டியிருக்காங்க."

மந்திரி மாலையைக் கழற்றி மேசைமேல் போட்டார். "நான் சத்தியம் பண்ற நேரமாப் பார்த்து கழட்டியிருக்கான். தோத்துப்போனவன் வேலை. ஓட்டுல என்னை ஒண்ணும் பண்ண முடியல, ஊரை முழுக அடிக்கப் பார்க்கறான்."

கண்டேல் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் போகிறது, முதலில் செயற்கைக்கோளில் கையெழுத்தைப் போட்டுவிட்டால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம் என்று பதமாக எடுத்துச் சொன்னார்.

மந்திரி அந்தக் கோப்பை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளினார்.

"வானத்துக்கு அனுப்பறதை அப்புறம் அனுப்பும். முதல்ல மலையில இருக்கறதுக்கு உயிர் இருக்கான்னு பாரும். எழுதும்."

கண்டேல் எழுதினார். இந்த அரசாங்கத்துக்கு முதல் வேலை அபாயச் சங்குகள்தான். அவற்றில் கை வைப்பது ஊரைக் கொல்வதற்குச் சமம். சோக்தெங்கில் பேட்டரியைக் கழற்றியவரை இன்றே பிடித்து உள்ளே போட வேண்டும். ஜாமீன் கூடாது.

"ஐயா, யாரு, எதுக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதலாமே," என்றாள் ரோஜினா.

"ஏன், உனக்கு வேண்டப்பட்டவனா?"



"நாளைக்கு நம்ம கட்சி ஆளாவே இருந்து, சிபாரிசுன்னு வந்து நின்னா, ஐயா?" என்று இழுத்தார் கண்டேல்.

"யாரா இருந்தாலும்னு சேர்த்துக்கும். என் கால்ல விழுந்தாலும் விடமாட்டேன்."

பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். காகிதம் கிழியாதது ஆச்சரியம். கண்டேல் அதை எடுத்துக்கொண்டு நிருபர்களிடம் போனார். சாவடிக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல இன்னொருவர் ஓடினார்.

மந்திரியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தவருக்கு மூச்சிரைக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"பிமலா அப்பா, கேக்குதா? மேட்டு உச்சிக்கு ஏறிவந்து பேசறேன். இங்கதான் கொஞ்சம் சிக்னல் வருது."

"ஏரி எப்படி இருக்கு, சுக்மாயா? எல்லாரும் பத்திரமா?"

"ஏரிக்கென்ன, அது பாட்டுக்குக் கிடக்கு. நீங்க சத்தியம் பண்ணீங்களே, ஊரே நம்ம முற்றத்துல கூடி டி.வி.யில பார்த்துச்சு. தொப்பியை ஏன் அப்படிக் கோணலா வச்சிருந்தீங்க?"

ஜஸ்மான் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"கரண்ட் இல்லாம டி.வி. எப்படி ஓடுச்சு?"

"நீங்க மந்திரியாகறதை நான் பார்க்காம இருப்பேனா? சங்குப் பெட்டியைத் திறந்து பேட்டரியை நானே தூக்கிட்டு வந்துட்டேன்."

கதவுக்கு வெளியே, காமிரா விளக்குகளுக்கு முன்னால் நின்று கண்டேல் முதல் முடிவை உரக்கப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"இன்னும் திருப்பி மாட்டல," என்றாள் சுக்மாயா. "நீங்க முதல் கையெழுத்துப் போடறதை டி.வி.யில சொல்லுவாங்களாமே, அதையும் ஊரோட உட்கார்ந்து பார்த்துட்டு மாட்டிடறேன்."