புதன்கிழமைச் சட்டை

"அத்தான் உள்ள போயிட்டாருக்கா. படி ஏறும்போது தலைய வேற வாரிக்கிறாரு" என்றாள் தங்கை, ஸ்கூட்டரை எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டே.

பின்சீட்டில் குனிந்த தலை நிமிரவில்லை. வழிநெடுக அக்கா போனைத்தான் தட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா! வேவு பாக்க வந்த இடத்துலயாவது அதை உள்ள வையேன்."

"ஒரு நிமிஷம்டி, முடிஞ்சுது" என்று போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தாள் அக்கா. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாதா பின்னே? வாரம் முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் அடுத்தவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்த்து வேர்த்து வழிகிற மனுஷன், புதன்கிழமை சாயங்காலம் மட்டும் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு "சும்மா ஒரு நடை போயிட்டு வரேன்" என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? நடைக்கு எதற்கு இஸ்திரி?

சட்டையோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவளுடைய கம்மல், வளையல் எல்லாவற்றையும் "பத்திரமா இருக்கட்டும்" என்று அவள் நாத்தனார் வீட்டுப் பீரோவுக்கு மாற்றிவிட்டார். பேங்க் கார்டின் ரகசிய எண்ணை மாற்றிவிட்டு, கேட்டால் "மறந்துபோச்சு" என்று மின்விசிறியைப் பார்க்கிறார். போன வாரம் பால்கனியில் நின்று போனில் "இல்லைங்க, அவளுக்கு இன்னும் தெரியாது" என்று குசுகுசுத்ததை அவளே காதாரக் கேட்டாள்.

"எவளோ ஒருத்தி சொக்குப்பொடி போட்டுட்டாடி. என் கம்மலு இப்ப அவ காதுலதான் தொங்கும்."

"அத்தானுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏதுக்கா?"

"ஊமை ஊரைக் கெடுக்கும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். அவதான் வேணும்னா அவரு சொல்லட்டும், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கே வந்துடறேன்."

தங்கைக்கு இந்த ஏற்பாட்டில் அவ்வளவாக உற்சாகம் இருந்ததாகத் தெரியவில்லை. "மொதல்ல மேல போய்ப் பாப்போம்" என்று அவசரமாகப் படியேறினாள்.

முதல் மாடியில் பல் டாக்டர்; பூட்டியிருந்தது. இரண்டாவது மாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். 'ஆன்லைன் சூதாட்டத்தால் அவதிப்படுகிறீர்களா? புதன்தோறும் மாலையில் கூடுகிறோம். கட்டணம் இல்லை. கதவைத் தட்டாமல் வரலாம்.'

படித்ததும் முதலில் வந்தது நிம்மதிதான். எவளும் இல்லை! ஆனால் அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூடத் தங்கவில்லை.

"அடப்பாவி மனுஷா, சூதாடியா நீ?" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்போது எல்லாம் விளங்கியது. நகை நாத்தனார் பீரோவில் இல்லை, அடகுக் கடையில் இருக்கிறது. கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று அவள் பார்த்துவிடக் கூடாதென்றுதான் எண்ணை மாற்றியிருக்கிறார்.

"கூடவே இருக்கேனேடி. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா கடிச்சா தின்னுடுவேன்?" கோபத்தைவிட அந்தத் துக்கம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"இப்ப என்னக்கா பண்ணப் போற? வீட்டை விட்டு வரப் போறியா?"

"போடி. கட்டினவரை அப்படியெல்லாம் விட்டுட முடியுமா? நோய்னு இருந்தா மருந்துன்னு ஒண்ணு இருக்கும்ல. கையப் பிடிச்சு இழுத்தாவது அவரைத் திருத்திக் காட்டறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டாமலே கதவைத் திறந்தாள்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். குண்டாக ஒருவர், பேக்கரி மாஸ்டராம், எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். "என் கணக்கைப் பூட்டிடுங்கன்னு நானே அந்த ஆட்டக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டேன். இப்ப கட்டைவிரலுக்கு வேலை இல்லாம, அதுபாட்டுக்கு ரொட்டி மாவைக் குத்திக்கிட்டு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நீலச் சட்டையைக் காணோம்.

தலை நரைத்த ஒரு அம்மாள்தான் கூட்டத்தை நடத்துபவர் போலிருந்தது. ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

"நான் உக்கார வரலைங்க. என் வீட்டுக்காரரைத் தேடி வந்தேன்."

"நான் முதல் நாள் லிஃப்ட் ரிப்பேர் பாக்க வந்தேன்னு சொன்னேன்" என்றார் பேக்கரி மாஸ்டர்.

"இந்தக் கட்டடத்துல லிஃப்டே கிடையாது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஐயோ, நான் நெசமாத்தான் சொல்றேன்!" அவள் வட்டத்துக்கு நடுவிலேயே வந்துவிட்டாள். "டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருங்க, நீலச் சட்டை. இப்பத்தான் படியேறி வந்தாரு, என் தங்கச்சி கண்ணால பாத்தா. அவரைத் திட்ட மாட்டேன், சத்தியமா. கூட்டிக்கிட்டுப் போய் நல்லபடியாப் பாத்துக்கறேன். எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

நரைத்த அம்மாள் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"அவர் இங்க வர மாட்டாரும்மா. ஆடறவங்களைக் கட்டிக்கிட்டவங்களுக்குப் பக்கத்து ரூம்."