வெங்காயம் செல்லாது

எலுமிச்சைச் சாறு விழுந்ததும் ஊதாத் தண்ணீர் சட்டென்று ரோஜா நிறமாக மாறியது. லேப் முழுக்க ஒரே கூச்சல்.

பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ்கள் மேசைக்கு அடியில் கிடந்தன. மதிய இடைவேளையில் அறிவியல் மன்றம் நடக்கும்போது சாப்பாட்டை யார் நினைக்கிறார்கள்?

ஊதா முட்டைக்கோஸை வேகவைத்து வடிகட்டிய தண்ணீர் அது. புளிப்பு பட்டால் சிவக்கும், சோப்பு பட்டால் பச்சையாகும். சலவைத் தூளைப் போட்டபோது பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளுக்குத் தாவியது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஜன்னல் பக்கம் ஒரு அணி, கதவுப் பக்கம் ஒரு அணி. எதிரணிக்குத் தோன்றாத பொருளைச் சோதித்துக் காட்டினால் ஒரு பாயின்ட். ஜெயிக்கிற அணிதான் அடுத்த வாரம் மைதானத்தில் தண்ணீர் ராக்கெட் விடும். தோற்றவர்கள் ஓரமாக நின்று கைதட்ட வேண்டியதுதான்.

அந்த ராக்கெட்டுக்காக நான் ஷாம்பு, அண்ணனின் ஷேவிங் கிரீம், அப்பாவின் வயிற்றெரிச்சல் மாத்திரை என்று வீட்டையே சுரண்டிக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் அணியின் ஓட்டவாயன், ஹெட்மிஸ்ட்ரஸ் குடித்து மிச்சம் வைத்த காபியைத் தள்ளிக்கொண்டு வந்தான். காபியின் நிறத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவனுடைய தைரியத்துக்காக அறிவியல் மிஸ் அரை பாயின்ட் கொடுத்தார்.

கதவுப் பக்கம் மீன்தொட்டித் தண்ணீர். நாங்கள் எச்சில். அவர்கள் விடுவார்களா? ஒருத்தனை மாடிப்படியில் மேலும் கீழுமாக ஓடவிட்டு, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்து எடுத்தார்கள்.

எப்படியோ இழுத்துப் பிடித்துச் சமத்துக்கு வந்தபோது பெல் அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மிஸ் மேசையைத் தட்டினார். அவருக்கு எங்களைவிட உற்சாகம். கன்னத்தில் ஊதாக் கறை இருப்பதுகூடத் தெரியாமல் நின்றார்.

"கடைசி ரவுண்டு. கண்ணீர்! யாரு முதல்ல ஒரு சொட்டு விடறீங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வெங்காயம் செல்லாது, சாறு கலந்துடும்."

அணிக்கொரு வெள்ளைத் தட்டு. நடுவில் ஒரு ஊதாப் பொட்டு.

அழு என்றால் எவனுக்கும் அழுகை வரவில்லை. மூக்கு முடியைப் பிடுங்கிக்கொண்டவனுக்குத் தும்மல்தான் வந்தது. ஓட்டவாயன் தன்னைக் கிள்ளச் சொன்னான். கிள்ளினேன். அவன் சிரித்தான், எனக்கும் தொற்றிக்கொண்டது. முதலைக் கண்ணீர் செல்லுமா என்று வேறு கேட்டு வைத்தான். நேற்று கணக்குப் பேப்பரைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதவள்கூட இன்று வறண்டுபோய் நின்றாள்.

கதவுப் பக்கத்துச் சோடாபுட்டி மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண் கொட்டாமல் டியூப்லைட்டை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணோரம் பளபளக்க ஆரம்பித்தது. ராக்கெட் போச்சு.

அப்போதுதான் கல்லுளி எங்கள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

கல்லுளிமங்கி என்பதைச் சுருக்கி நாங்கள் வைத்த பெயர் அது. விளையாட்டு மைதானத்தில் கை முறிந்தபோதுகூட உம்மென்று உட்கார்ந்திருந்த ஆள். இவளா அழப்போகிறாள்? ஓட்டவாயன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. தட்டுக்கு மேல் குனிந்து ஒருமுறை மூச்சை விட்டாள், அவ்வளவுதான்.

சொட்.

பொட்டின் நடுவில் சரியாக விழுந்தது. நாங்கள் எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஊதா மெல்ல மெல்ல நீலத்தின் பக்கம் நகர்ந்தது.

அதற்குப் பிறகு யார் என்ன கத்தினார்கள் என்றே தெரியவில்லை. நான் பெஞ்சைத் தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டது. கதவுப் பக்க அணி சும்மா விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து முகர்ந்து பார்த்தார்கள். பென்சில் வாசனைதான் வந்தது. வேறு வழியில்லாமல் அவர்களும் கைதட்டினார்கள். என்னமா நடிக்கிறாள் என்று ஓட்டவாயன் பெஞ்சின் மேல் ஏறி நின்று பெரிய கும்பிடாகப் போட்டான்.

கல்லுளி நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் வேணுமா? நெறைய இருக்கு."

லேப் அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பெல் அடித்தது. டிபன் பாக்ஸ்களைப் பொறுக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். மிஸ் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனார்.

கழுவி வைக்கலாம் என்று தட்டைப் பிடித்து இழுத்தேன். கல்லுளி விடவில்லை. அதில் இன்னொரு சொட்டு விழுந்தது. அதன் மேல் இன்னொன்று.

போன மாதம் அவள் அம்மாவை எடுத்த அன்று நாங்கள் எல்லோரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். தெருவே அழுதது. மிஸ் அழுதார். ஓட்டவாயன்கூட மூக்கை உறிஞ்சினான். அவள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று மாறிவிட்டது என்று எல்லாவற்றையும் அவிழ்த்து, மறுபடி மேலிருந்து போட்டாள்.

இந்தக் கூத்தில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

தட்டை விட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

"வேணும்" என்றேன்.