பாலத்தில் பதினொரு பேர்

லிங்கராஜபுரத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறேன். எந்தப் படம் வந்தாலும் அதில் இருப்பதையெல்லாம் எண்ணி ரிப்போர்ட்டில் எழுதிவிடுவேன். ஸ்ரீகண்டன் சார் கொடுத்தது நூற்றைம்பது வருட எண்ணெய் ஓவியம். நகரத்துப் பாலத்தின் மேல் பதினொரு பேர்.

செவ்வாயன்று என் உதவியாளர் பிரிசில்லா வரவில்லை. வீட்டிலும் இல்லையாம். புதனன்று எண்ணினால் பன்னிரண்டு. பாலத்தின் ஓரத்தில், நீலச் சுடிதாரில், கையில் ஹெல்மெட்டோடு பிரிசில்லா நின்றாள். சாயம் ஈரமாக இருந்தது.

ஸ்ரீகண்டன் சாரிடம் போனில் சொன்னேன்.

“ரிப்போர்ட்ல பதினொண்ணுதானே போட்டிருக்கீங்க? அப்படியே வரணும்,” என்றார் ஸ்ரீகண்டன்.

வாசலில் அவள் கணவன் பெலிக்ஸ் வந்து நின்றான்.

“அவ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா சார்?”

“இல்லப்பா. ஸ்டேஷன்ல கேட்டுப் பாரு.”

அவன் போனதும் பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, படத்திலிருந்த பிரிசில்லாவைக் காலிலிருந்து துடைக்கத் தொடங்கினேன். இடுப்புக்கு வந்தபோது, மூடியிருந்த அவள் வாய் திறந்திருந்தது.

முடித்துவிட்டு மறுபடி எண்ணினேன். பதினொன்று. கையெழுத்துப் போட்டேன்.