பலகைச் சத்தம்

மாசானத்தின் குதிரை பவளம் தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. அடுத்து, விருந்து நடக்கும்போதே ஸ்பெயின் தேசத்து ஆட்டக்காரி ஒருத்தி ஆட வேண்டும் என்று விடுதியில் ஏற்பாடு. பவளத்தின் முன்னங்கால் வீங்கியிருந்தது. மேடையோரம் கட்டி, காலில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்தார் மாசானம். அப்போதுதான் ஆட்டக்காரியின் குதிங்கால் டக்கு டக்கென்று மேடைப் பலகையில் இறங்கியது.

பவளம் காதை விறைத்து, வீங்கிய காலைத் தூக்கி ஆடத் தொடங்கியது. பலகையில் கம்பால் தட்டித் தட்டி அவரே ஆடப் பழக்கிய குதிரை. சத்தம் ஓயாமல் அது ஓயாது. கயிற்றை இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. கால் தரையில் படும்போதெல்லாம் முனகியது.

மேனேஜரிடம் ஓடினார். "சார், அந்தம்மாவை நிப்பாட்டச் சொல்லுங்க. குதிரைக்குக் கால் போயிரும்."

"யோவ், சாப்பிடுறவங்க எப்படிக் கை தட்டுறாங்க பாரு. உன் குதிரைக்கு இருக்கிற ரசனை உனக்கு இல்லையே!"

"ஒடிஞ்சா அது எந்திரிக்காது சார்."

"வேற குதிரை வரும். வாயைப் பொத்திட்டு ஓரமா நில்லு."

மாசானம் நிற்கவில்லை. கறி மணக்கும் மேசைகளுக்கு நடுவே நடந்து மேடையேறினார். "பிடிங்கடா அந்தாளை!" என்று மேனேஜர் கத்தினார். ஆட்டக்காரியோ கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள். மாசானம் மண்டிபோட்டு, குதிங்கால் இறங்குகிற இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார்.

அடுத்த மிதி சத்தமில்லாமல் விழுந்தது.