சைட்டோகைனின் நிறுத்தப்பட்டது

“சைட்டோகைனினை நிறுத்தாமல் இந்த உலகத்தில் எவனுக்கும் வேர் விடாது. வாழைக்கும் சரி, மனுஷனுக்கும் சரி.”

இதைச் சொன்னபோது அஃப்ராஸின் முகத்தில் சிரிப்பில்லை. முந்தல் ஊரில் இருந்த அந்தச் சின்ன இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்துக்கு அவன்தான் பொறுப்பு. கதவைத் தாண்டி உள்ளே வந்தால் யாராக இருந்தாலும் அவனை ‘சேர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவனே போட்ட சட்டம்.

ஸஹ்னா போத்தலுக்குள்ளிருந்து கதலி வாழைக் குருத்தொன்றை எடுத்தாள். இடுக்கி கைதவறிக் கீழே விழ, குருத்து மேசையில் கிடந்தது. மகள் நிஃப்லாவுக்கு அன்று முன்பள்ளியில் முதல் நாள்.

“மன்னிச்சிருங்க சேர். மனசு இங்க இல்ல. டீச்சருக்கு ஒருக்கா கோல் எடுத்துக் கேக்கட்டா?”

“என்னத்தை?”

“பிள்ளை அழுறாளா எண்டு...”

“இந்தப் போத்தலைப் பாருங்க. சைட்டோகைனின் எண்ட ஹோர்மோன் இருக்குமட்டும் குருத்து மேல குருத்து வெடிக்கும். பார்க்க வடிவு. வேர் மட்டும் வராது. ஏன் வரணும், எல்லாம் காலடிக்கே வருதே! அதை நிப்பாட்டி, ஒக்சின் போட்ட போத்தலுக்கு மாத்தினாத்தான் வேர் இறங்கும். நீங்க செய்யிற வேலையே அதுதானே?”

“வாழைக்கு உம்மா இல்லையே சேர்.”

“இருக்கு. தோட்டத்துல நிக்குது. ஒரு நாளாவது கோல் எடுத்துச்சா?”

ஸஹ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது.

“அரை நாள் லீவு தாங்களன். தூர நிண்டு பார்த்திட்டு வாறேன்.”

“தூர நிக்க மாட்டீங்க. வேலியால எட்டிப் பார்ப்பீங்க. பிள்ளை கண்டா அழும். நட்ட வாழைக்கண்டைப் பிடுங்கி வேர் வந்திட்டா எண்டு பார்க்கிற ஆக்கள்!”

“உங்களுக்குக் கல்லு மனசு சேர்.”

“விஞ்ஞான மனசு.”

சொல்லிவிட்டு அஃப்ராஸ் மணிக்கூட்டைப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தான்.

“போத்தல்ல ஊத்துற வளர்ப்பு ஊடகத்துக்குச் சீனி முடிஞ்சிட்டு. கடைக்குப் போயிட்டு வாறேன். நான் வரும்வரை ஃபோன் பக்கம் போகக் கூடாது.”

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. விழுந்த இடுக்கியை எடுக்க ஸஹ்னா குனிந்தாள். மேசைக்குக் கீழே வாய் பிரிக்காத சீனி மூட்டை ஒன்று நின்றது. மறந்திட்டார் போல என்று நினைத்தாள்.

வெளியே ஃபோன் அடித்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும், றம்ஸியா டீச்சர் கதைக்கிறேன். பயப்பட வேணாம். நிஃப்லா நல்லா விளையாடுறா. ஒருத்தரையும் தேடவே இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்! அப்ப எதுக்கு டீச்சர் கோல் எடுத்தீங்க?”

“பிள்ளைட வாப்பாவைத்தான் சமாளிக்க ஏலாம இருக்கு. உங்கட அஃப்ராஸ், வேலிக்கு வெளிய மோட்டார் சைக்கிள் சீட்ல ஏறி நிண்டு, எட்டிப் பார்த்துப் பார்த்து அழுறார். இறங்கச் சொன்னா, சீனி வாங்க வந்தேன் எண்டுறார்.”