நாலாவது கால்

நாற்காலி ஆடியது.

லேசாகத்தான். மாமனார் சாய்ந்ததும் இடது பின்கால் டக்கென்று தரையைத் தட்டியது. அவர் நிமிர்ந்ததும் வலது முன்கால் அதற்குப் பதில் சொன்னது.

அறையில் வேறு சத்தமே இல்லை.

உட்கார்ந்திருந்தவர் சாதாரண ஆளில்லை. முப்பது வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். முள் ஒரு மயிரிழை விலகினாலும் தராசுக்கு சீல் வைத்துவிட்டு, கடைக்காரர் நீட்டும் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் இறங்கிவிடுவார் என்று பேர்.

மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பதிவாளர் அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. போனில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அவன் வீட்ல உட்கார ஒரு நாற்காலி இருக்காம்மா?"

கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது. நாற்காலி இல்லை.

கடையில் வாங்கிப் போட்டால் அந்தக் கேள்விக்குக் கடைக்காரன் பதில் சொன்னதாகிவிடும் என்று மருமகனுக்குத் தோன்றியது. அவர் வரப்போகிறார் என்று தெரிந்த அன்றே மரமும் ரம்பமும் வாங்கி வந்தான். வீடியோவில் ஒருவர் பதினெட்டு நிமிடத்தில் செய்து முடித்த நாற்காலியை மூன்றே வாரத்தில் செய்து முடித்தான்.

முதல் காலை டேப் வைத்து அளந்தான். அதன் மேல் வைத்து இரண்டாவதற்குக் கோடு போட்டான். இரண்டாவதன் மேல் வைத்து மூன்றாவதற்கு. மூன்றாவதன் மேல் வைத்து நாலாவதற்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு பென்சில் கோட்டின் பருமன் கூடிக்கொண்டே போனது.

நகலிலிருந்து நகல் எடுத்தால் என்ன ஆகும் என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில்.

நீண்டிருந்த நாலாவது காலை அறுத்தான். அது குட்டையாகிவிட்டது. மற்ற மூன்றையும் குறைத்தான். மறுபடி நாலாவது நீண்டுவிட்டது. திரும்ப அதை அறுத்தான். பதினெட்டு அங்குலத்தில் தொடங்கிய நாற்காலி பதினாலுக்கு இறங்கியபோது, மனைவி ரம்பத்தைப் பிடுங்கித் தன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

"இன்னொரு தடவை அறுத்தா அது நாற்காலி இல்ல, வெறும் பலகை. விட்டுடு."

ஆகவே இப்போது மாமனாரின் முழங்கால்கள் ஏறக்குறைய அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தன.

டக்.

ஆறரைக்கு ரயில் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். அடிக்கொரு தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுவரை, சன்னலை, ஒற்றை விளக்கை, எல்லாவற்றையும் தராசு முள்ளைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"துணிமணியெல்லாம் எதுலம்மா வச்சிருக்கே?"

மகள் மூலையைக் காட்டினாள். ஜெராக்ஸ் பேப்பர் வந்த அட்டைப்பெட்டிகள், மூன்று. பீரோ செய்யச் சொல்லாமல் இருந்தால் சரி என்று மருமகன் நினைத்துக்கொண்டான்.

"இது?" நாற்காலியின் கையைத் தட்டினார்.

"அவரே செஞ்சதுப்பா."

மாமனார் மருமகனின் விரல்களைப் பார்த்தார். பத்தில் நாலில் பிளாஸ்திரி இருந்தது.

டக்.

டீ போட இருவருமே உள்ளே போனார்கள். ஒரு டம்ளர் டீக்கு இரண்டு ஆள் தேவையில்லைதான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னால் தனியாக நிற்க அவனுக்குத் தெம்பில்லை. சமையலறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான்.

"இந்நேரம் சீல் வச்சிருப்பார்" என்றான் அவன், அடிக்குரலில்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பிடித் துணியை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் அன்றாடம் கேட்கிற சிரிப்பு அது. அவன் காதுக்குப் பழகியது.

டீயோடு வந்தபோது மாமனார் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு நன்றாகச் சாய்ந்தார்.

சத்தம் இல்லை.

மருமகன் அடுத்த டக்குக்காகக் காத்திருந்தான். அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, முன்னால் வளைந்து டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதும் இல்லை.

கிளம்பும்போது மகளின் தலையில் ஒரு நொடி கை வைத்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"தரைதான் சரியில்ல. நாற்காலி சரியாத்தான் இருக்கு, மாப்பிள்ளை."

அவர் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். உள்ளே வந்ததும் அவன் ஓடிப்போய் உட்கார்ந்தான். முன்னால் சாய்ந்தான், பின்னால் சாய்ந்தான். ஆடவே இல்லை.

"தானாச் சரியாயிடுச்சு" என்றான். மரத்துக்கு மனம் மாறியிருக்கும் என்று நம்பக்கூடியவன்தான்.

அவள் இன்ஸ்பெக்டர் மகள். கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தாள். நாலாவது காலுக்கு அடியில், துளிகூட வெளியே தெரியாமல், எட்டாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

அவனை எழுப்பிவிட்டு அதை உருவிப் பிரித்தாள்.

ரயில் டிக்கெட். இன்றைய தேதி, மாலை ஆறரை மணி. ஒரு நபருக்கு.

பெயர் அவளுடையது.

அவள் மூலையிலிருந்த அட்டைப்பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டிக்கெட்டை அவர் மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்தாள்.

"கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றாள். "இருந்த இடத்துலயே வச்சிடறேன்."